கச்சான் காற்றும் பிரேக் கட்டையும்

புதுக்கோட்டை என்று சொன்னதும் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானத்தை நினைத்துக்கொள்கிறவர்களிடம், எங்கள் ஊர் அதுவன்று என்று முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். திருநெல்வேலியிலிருந்து கிழக்கே தூத்துக்குடிக்குப் போகும் சாலையில், தாமிரபரணியைக் கடந்து, வல்லநாட்டு மலையடிவாரத்தைத் தாண்டி, தெய்வச்செயல்புரமும் வாகைக்குளமும் பின்னே செல்ல, கடலுக்கு இன்னும் சுமார் 15 கிலோமீட்டர் இருக்கும்போது, பனையும் உடைமரமும் சூழ வந்து சேரும் சாலையோரத்து ஊர் எங்கள் புதுக்கோட்டை. நான் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். 38 ஆண்டுகள் ஓர் உப்பளத்தில் கணக்கராக உத்தியோகம் பார்த்தபோது நாள்தோறும் புறப்பட்டதும் திரும்பி வந்து சேர்ந்ததும் இங்கேதான். அந்தப் பிரயாணம் முழுவதும் சைக்கிளில்தான்.

அந்தச் சாலை ஏறக்குறைய மேற்குக் கிழக்காகவே ஓடுகிறது. ஆனி பிறந்தால் ஆவணி முடியும் வரையில் எங்கள் பக்கத்தில் கச்சான் காற்று. மலைக் கணவாய்களின் வழியே புகுந்து, இடையிலே தடுக்க ஏதுமில்லாத சமவெளியில் வேகம் கொண்டு, சாலையில் போகிறவனுடைய முதுகைப் பிடித்துக் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். மாலையில் அதே காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு மேற்கே திரும்பும்போது ஒவ்வொரு மைலும் இரண்டு மைலாக நீளும் என்பது வேறு விஷயம். காலையிலோ மிதிக்கவே வேண்டியதில்லை. மறவன்மடத்தையும் கோரம்பள்ளத்தையும் வண்டி தானாகவே கடந்துவிடும். அப்படிக் காற்று ஓட்டிச் செல்லும் வண்டியில் ஏறியிருப்பவனுக்கு இருக்கவேண்டிய கவலை ஒன்றே ஒன்று. எதிரே ஓர் உப்பு லாரி திரும்பினால், ஓர் ஆட்டுமந்தை குறுக்கே வந்தால், வண்டி எங்கே நிற்கும் என்பதுதான் அது. பிரேக்கைப் பற்றி ஒரு மனிதன் ஐம்பது வருஷங்களாகச் சிந்தித்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பவர்கள், ஓர் ஆடி மாதத்துக் காலையில் என்னோடு அந்தச் சாலையில் வந்து பார்க்க வேண்டும்.

என் தகப்பனாரிடம் இருந்தது அந்தக் காலத்தில் எல்லோரிடமும் இருந்த கறுப்பு வண்டி; 28 அங்குலச் சக்கரம், பின்னால் இரண்டு உப்பு மூட்டை தாங்கக்கூடிய கேரியர், எல்லாம் சேர்ந்து 20 கிலோவுக்குக் குறையாத இரும்பு. அதிலே இருந்தது ராடு பிரேக். ஹேண்டில் பாரின் அடியில் இரண்டு இரும்புக் கைகள் இருக்கும். அவற்றை விரல்களால் மேலே இழுத்தால், கம்பிகளும் மூட்டுகளும் ஒன்றையொன்று இழுத்துக் கடைசியில் லாடம்போல் வளைந்த ஒரு கம்பியைத் தூக்கும். அந்த லாடத்தின் இரு நுனிகளிலுமுள்ள ரப்பர்க் கட்டைகள், போக்ஸ் கம்பிகளுக்கு இருமருங்கிலும் ரிம்மின் உட்புறத்தில் போய் அழுந்தும். எளிய யந்திரம்; நாட்டுப்புறத்து வாழ்க்கைக்கு ஏற்ற யந்திரம். துருப்பிடித்தாலும் முறியாது, குறடும் சுத்தியலும் தெரிந்த எவனும் அதைச் சீர்செய்துவிடலாம். அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்ற பெயர்களெல்லாம் எங்கள் ஊர்க் கடைத்திண்ணை வரையில் வந்துவிட்டன. ஆனால் பெயர் எதுவானாலும் உழைக்கிறவன் வாங்கும் வண்டியில் ராடு பிரேக்தான்.

அதன் குறை எனக்குத் தெரியவந்தது 1972-ஆம் ஆண்டு ஐப்பசியில். எனக்கு அப்போது 16 வயது. பாட்டிக்கு மருந்து வாங்கிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கொண்டல் மேகம் கடலிலிருந்து எழும்பி வந்து, கோரம்பள்ளம் குளத்துப் பக்கம் நான் வரும்போது சரியாகப் பிடித்துக்கொண்டது. மழையில் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தவன் நிமிர்ந்து பார்த்தபோது, இருபது முழத்துக்கு முன்னால் உடைமர விறகு ஏற்றிய ஒரு மாட்டுவண்டி, அச்சாணி கழன்றோ என்னவோ, நடுச்சாலையில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் பிரேக்கை இழுத்தேன். கட்டைகள் ரிம்மைத் தொட்டதை உணர்ந்தேன். ஆனால் வண்டி, இழுத்ததை அறியாதது போலவே, போன வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. விறகுக் கட்டு ஒன்றின் நுனி என் மோவாயில் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. போர்க் வளைந்துபோயிற்று. மருந்துப் புட்டி மட்டும் சட்டைப் பையில் உடையாமல் இருந்தது.

வளைந்த வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மறுநாள் போய் நின்ற இடம், எங்கள் ஊர்ச் சாலையில் பஞ்சர் ஒட்டியும் வாடகைக்கு வண்டி விட்டும் பிழைத்துவந்த அண்ணாச்சியின் கடை. அவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் அழைக்கும். நானும் அப்படியே அழைத்தேன்.

“கட்டை தேஞ்சு போச்சுதா அண்ணாச்சி? புதுசு மாத்திருவோமா?” என்று கேட்டேன்.

அவர் முன்சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, ஈரத்துணியை எடுத்து ரிம்மைத் துடைத்தார். “கட்டை நல்லாத்தாம்ல இருக்கு. இந்தப் பளபளப்புதான் ஒனக்குச் சத்துரு. வெள்ளிமுலாம் போட்ட ரிம்மு தண்ணி பட்டா கண்ணாடி மாதிரி. மழைக்குள்ள போனா, நிக்கணும்னு நெனைக்கதுக்கு முன்னாலயே கட்டைய லேசாத் தொட்டுத் தொட்டு வரணும், தண்ணி வழிஞ்சிரும். அப்பொறந்தான் அமுக்கணும்” என்றார்.

அவர் வெள்ளிமுலாம் என்றது குரோமிய முலாத்தை. நனைந்த குரோமியத்தின்மேல் ரப்பரின் பிடி மிகவும் தளர்ந்துவிடும் என்பதையும், அலுமினியக் கலவையினால் ஆன ரிம்மில் இந்த அபாயம் வெகுவாகக் குறையும் என்பதையும் பின்னாளில் நான் புத்தகங்களில் படித்தேன். அண்ணாச்சி அதைப் புத்தகத்தில் படித்தவரல்லர்.

அதன்பின் விடுமுறை நாட்களெல்லாம் அந்தக் கடையிலேயே கழிந்தன. சக்கரத்தின் கோட்டம் எடுக்கவும், நிப்பிளைக் கால் திருகு, அரைத் திருகு என்று அளந்து முடுக்கவும், பால்ரஸ் குண்டுகளை எண்ணிக் கிரீசில் பதிக்கவும் அங்கேதான் கற்றேன். அண்ணாச்சியின் தகப்பனார் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் தோணியில் கயிறு பிடித்தவர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்குகிறவனுடைய கயிற்றின் மறுநுனி தோணியில் நிற்கிறவன் கையில் இருக்கும். கீழேயிருப்பவன் கயிற்றை அசைத்ததும் மேலேயிருப்பவன் இழுத்துவிட வேண்டும். சலாபம் நடக்கும் நாட்களில் கருக்கலில் எழுந்து, கயிற்றை முழம் முழமாகக் கையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தம் தகப்பனார் தோணியில் கால் வைப்பார் என்று அண்ணாச்சி சொல்வதுண்டு. 1961-ஆம் ஆண்டோடு எங்கள் கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. மகன் சைக்கிள் கடை வைத்தார். ஆனால் ஒயர் பிரேக் வைத்த வண்டி ஏதாவது கடைக்கு வந்துவிட்டால், கட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் கம்பியைக் கழற்றி உள்ளங்கையில் ஓட்டி, எங்காவது ஓர் இழை விலகி நிற்கிறதா என்று அவர் தடவிப் பார்ப்பதைக் கண்டபோதெல்லாம், அந்தத் தகப்பனாரையே நேரில் பார்ப்பதுபோல் எனக்கு இருக்கும். “பிரேக்கு கையிலயும் இல்ல, கட்டையிலயும் இல்ல. நடுவுல ஓடுத கம்பியிலதாம்ல இருக்கு” என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை.

அந்தக் கம்பியின் சரித்திரத்தையும் இங்கே சொல்லிவிடலாம். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகு, டயரின்மேலேயே கரண்டிபோல் அழுந்திய பழைய பிரேக் உதவாது என்று ஆயிற்று. டயரை விட்டு ரிம்மைப் பிடிக்க வேண்டியதாயிற்று. 1896-ல் எர்னஸ்ட் பௌடன் என்பவர், சுருள் உறைக்குள்ளே ஓடும் கம்பிக்கு உரிமை பெற்றார். அதன் சூட்சுமத்தைப் பலர் கவனிப்பதில்லை: உள்ளே ஓடும் கம்பி இழுக்கும்போது, வெளியே இருக்கும் உறை அதே அளவு விசையோடு எதிர்த்து நிற்கிறது, உறை நசுங்கி இடங்கொடுத்தால் கை இழுத்த தூரத்தில் ஒரு பங்கு ரிம்மைச் சென்று சேராது. ஆகவே நல்ல கம்பி வாங்கி மட்டமான உறையில் விடுகிறவன் பாதிப் பிரேக்கைத்தான் வாங்குகிறான். இது என் திடமான அபிப்பிராயம்.

தூத்துக்குடியின் புதுத் துறைமுகம் 1974-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி பெருந்துறைமுகமாக ஆயிற்று. வெவ்வேறு தேசத்துக் கப்பல்கள் வரத் தொடங்கின. இரண்டு மூன்று வருஷங்களுக்குப் பின், நான் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், ஐரோப்பிய மாலுமி ஒருவன் பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு அண்ணாச்சியின் கடை முன்னால் வந்து நின்றான். கப்பலில் கூடவே கொண்டுவந்த வண்டி. திருநெல்வேலி வரையில் போய்வரப் புறப்பட்டவன். அப்படி ஒரு வண்டியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு கையால், பால் குடத்தைத் தூக்குவதுபோல், அண்ணாச்சி அதைத் தூக்கித் திண்ணையில் வைத்தார். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை. ஆட்டுக்கடா கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில் பார். என் கண் மட்டும் அதன் பிரேக்கை விட்டு அகலவில்லை. வைன்மன் என்ற சுவிஸ் கம்பெனியின் பெயர் பொறித்த அலுமினியக் கைகள் இரண்டு, தனித்தனி அச்சில் நின்று, நடுவே ஒரு குறுக்குக் கம்பியால் இழுக்கப்பட்டு, ரிம்மின் இரு பக்கங்களையும் இடுக்கி கவ்வுவதுபோல் கவ்வின. எலும்புபோல் மெலிந்திருந்தது, ஆனாலும் ஒற்றை விரலால் தொட்டபோது சக்கரம் நின்றது.

பஞ்சர் ஒட்டியபின் அண்ணாச்சி பரீட்சைக்காகக் கடை முன்னால் ஒரு சுற்று ஓட்டினார். நம் நாட்டு வழக்கப்படி முன்பிரேக் வலக்கையில் இருக்கும் என்று எண்ணி இடக்கையைப் பலமாக இழுக்க, முன்சக்கரம் நின்று, பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பிற்று. ஐரோப்பாக் கண்டத்து வண்டிகளில் முன்பிரேக் இடக்கையில் இருக்கும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். அவர் இறங்கி வந்து, முகத்தில் பயமே இல்லாமல், “இவ்வளவுகாண்டு பிரேக்குக்கு இவ்வளவு பிடியா!” என்று மாலுமியின் தோளைத் தட்டினார். மாலுமிக்கு வார்த்தை புரியவில்லை. அவர் மகிழ்ச்சி புரிந்தது. கூலி வாங்க அண்ணாச்சி மறுத்துவிட்டார். அந்த வண்டி வாகைக்குளம் திசையில் மறையும்வரையில் நானும் அவரும் சாலையிலேயே நின்றுகொண்டிருந்தோம்.

அப்படி ஒரு வண்டி எனக்கும் வேண்டும் என்று அன்று எழுந்த ஆசை நிறைவேற ஏறக்குறைய நாற்பது வருஷங்கள் ஆயின. குடும்பம், பிள்ளைகளின் படிப்பு, தங்கையின் கல்யாணம் என்று காலம் போயிற்று. நான் 2014-ல் ஓய்வு பெற்றேன். சிங்கப்பூரில் வேலைபார்க்கும் என் மகன் அடுத்த வருஷம் ஊருக்கு வந்தபோது, அங்கே ஒருவரிடம் பழையதாக வாங்கிய இங்கிலீஷ் எஃகு ஃபிரேம் ஒன்றைக் கொண்டுவந்து, “அப்பா, இதை நீங்களே பூட்டுங்க” என்று கொடுத்தான். மெல்லிய குழாய்கள், நேர்த்தியான பற்றவைப்பு. அண்ணாச்சி அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். கடையை அவர் மகன் நடத்திவந்தான். நாங்கள் இருவருமாக அந்த வண்டியைப் பூட்ட முனைந்தோம்.

பிரேக் விஷயத்தில் நான் செய்த முதற்காரியம் பிழையான காரியம். இலேசான பிரேக்கே வேண்டும் என்று மனம் பிடிவாதமாக இருந்தது. நல்ல நடுத்தரமான ஷிமானோ 105 வகை ரிம் பிரேக் ஒரு ஜோடி ஏறக்குறைய 380 கிராம் இருக்கும். எடையையே லட்சியமாகக் கொண்டு செய்யப்படுபவை 200 கிராமுக்கும் கீழே வந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு ஜோடியை மகன் மூலமாக வரவழைத்தேன். உள்ளங்கையில் வைத்தபோது ஒரு சிட்டுக்குருவியின் கனம் போலவே இருந்தது. ஆனால் ஃபிரேமில் பொருத்திப் பார்த்தபோது கட்டைகள் ரிம்மின் மேல்விளிம்புக்கும் மேலே, டயரைத் தொட்டுக்கொண்டு நின்றன.

காரணம் கணக்கில் இருந்தது. அந்த ஃபிரேம் பழைய 27 அங்குலச் சக்கரத்துக்காகச் செய்யப்பட்டது. அதன் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு 630 மில்லிமீட்டர். நான் வாங்கியிருந்த 700சி அலுமினிய ரிம்முக்கு அது 622. குறுக்களவில் 8 குறைந்தால் ஆரத்தில் 4 குறையும். ஆகவே ரிம், பிரேக்கின் அச்சிலிருந்து 4 மில்லிமீட்டர் கீழே போய்விடுகிறது. பிரேக் போல்ட்டின் மையத்திலிருந்து ரிம்மின் பக்கச்சுவர் நடுவரையில் அளந்தேன், 53 மில்லிமீட்டர். நான் வாங்கிய பிரேக்கின் கை நீளமோ 39-லிருந்து 49 வரையில்தான். இந்த அளவை எடுத்துவிட்டுப் பிரேக்கைத் தேடியிருக்க வேண்டும்; பிரேக்கை வாங்கிவிட்டு அளவெடுத்தேன். பிரேக்கின் கையிலுள்ள காடியை அரத்தால் கீழே இறக்கிவிடலாமா என்றுகூட எண்ணி, அரத்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

அண்ணாச்சியின் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அராவுன எடத்துலதான் ஒரு நாளு ஒடியும் சித்தப்பா. வேண்டாம், வையிங்க” என்றான். குரல் தகப்பனாருடைய குரலாகவே இருந்தது.

அந்த ஜோடியைச் சிங்கப்பூருக்கே திருப்பி அனுப்பினேன். அதற்குள் வேறொன்றும் எனக்குத் தெளிவாகியிருந்தது. கை மெலிந்த அந்தப் பிரேக்கைப் பெஞ்சில் வைத்துப் பூட்டி இழுத்துப் பார்த்தபோது, கட்டைகள் ரிம்மை அழுத்திய பிறகும் விரலின் அடியில் ஒரு துவளல் மிச்சமிருந்தது, கை வளைந்துகொடுத்தது. நான் மிச்சம்பிடிக்க விரும்பிய 180 கிராம், சாலையில் என்னுடன் எடுத்துச் செல்லும் தண்ணீரில் கால்வாசிகூட இல்லை. எடையைக் குறைப்பதானால் சுழலும் பொருளிலே, ரிம்மிலும் டயரிலும் குறைக்க வேண்டும்; மலையேற்றப் பந்தயக்காரன் அல்லாதவன் பிரேக்கிலே குறைக்கத் தேவையில்லை. இன்றும் என் முடிவு இதுதான்.

கடைசியில் தேர்ந்தெடுத்தது, 47-லிருந்து 57 மில்லிமீட்டர் வரையில் கை எட்டக்கூடிய, இரட்டை அச்சுள்ள அலுமினியப் பிரேக். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷிமானோ இந்த அமைப்பைப் பந்தய வண்டிகளில் பரவச் செய்தது. ஒரு கை நடுவிலும் மறு கை பக்கத்திலும் அச்சுகொண்டு சுழல்வதால், விரலின் சிறு விசை பெரு விசையாகிறது. அதற்கு ஈடாக அது கேட்பது ஒன்று உண்டு: விசை பெருகிய அளவுக்குக் கட்டையின் நகர்ச்சி குறைகிறது, எனவே கட்டைகளை ரிம்முக்கு மிக அருகில் வைக்க வேண்டும், அருகில் வைக்கவேண்டுமானால் சக்கரத்தில் கோட்டம் இருக்கலாகாது. ஆகவே பிரேக்கைத் தொடுவதற்கு முன்னால் ஒரு முழுப் பகலும் சக்கரத்தின் கோட்டம் எடுப்பதிலேயே சென்றது. பழைய ஃபிரேமில் போல்ட்டுத் துவாரம் இருபுறமும் 6 மில்லிமீட்டர். புதிய பிரேக்கின் உள்ளடங்கிய நட்டுக்கு ஒருபுறம் 8 மில்லிமீட்டர் வேண்டும். தூத்துக்குடியில் ஒரு லேத்துப் பட்டறையில் போர்க்கின் பின்சுவரை மட்டும் அகட்டிக்கொண்டு வந்தோம்.

பிரேக்கைப் பூட்டிய அந்த நாளை நான் மறப்பதற்கில்லை. வாசல் திண்ணையில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவன், பகல் சாப்பாட்டுக்கு எழுந்ததைத் தவிர, விளக்கு வைக்கும் வரையில் எழுந்திருக்கவில்லை. முன்பிரேக் வலக்கையிலேயே இருக்கட்டும் என்று தீர்மானித்தேன். அபாயம் வந்த கணத்தில் நம்மைக் காப்பது ஐம்பது வருஷத்துப் பழக்கமேயன்றிப் புத்தி அன்று. ஹேண்டில் பாரை இடமும் வலமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, கம்பியின் உறை எங்கும் இழுபடாமலும் வேண்டாத வளைவு கொள்ளாமலும் இருக்கும் நீளத்தைக் குறித்துக்கொண்டு வெட்டினேன். வெட்டிய முனையில் சுருள் கம்பி நாக்குப்போல் நீட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டால் ஒவ்வோர் இழுப்பிலும் அது அமுங்கி நிமிர்ந்து, கைக்கு ஒரு நுரைத்த உணர்ச்சியைத் தரும். முனையை அரத்தால் சமதளமாக அராவி, நசுங்கிய வாயைக் கோணூசியால் திறந்து, தொப்பி மாட்டினேன். உள்கம்பி துருப்பிடிக்காத எஃகு. உப்புக் காற்று வீசும் எங்கள் பக்கத்தில் நாகமுலாம் பூசிய கம்பி வெகுநாள் தாங்காது.

பிறகு கட்டைகள். கட்டையின் மேல்விளிம்பு டயரைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். தொட்டால் சில நாட்களில் டயரின் பக்கத்தை அறுத்துவிடும். கீழ்விளிம்பு ரிம்மைவிட்டு இறங்கினாலோ, தேயும்போது ஓர் உதடு முளைத்து, அது ரிம்மின் அடியில் மாட்டிக்கொள்ளும். கட்டை ரிம்மின் வளைவைத் தொடர்ந்து செல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சக்கரம் சுழலும் திசையில் கட்டையின் முன்நுனி முதலில் தொட்டு, பின்நுனி ஒரு மயிரிழை பிந்தித் தொட வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று அலறும். இதற்கு அண்ணாச்சி கற்றுக்கொடுத்த உபாயம் ஒரு தபால் கார்டு. கார்டை இரண்டாக மடித்துக் கட்டையின் பின்நுனிக்கும் ரிம்முக்கும் இடையில் செருகி, பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே கட்டையின் திருகை முடுக்கி, பிறகு கார்டை உருவிவிட வேண்டும். கார்டின் கனமே அளவு. என் மேசையறையில் இருந்த ஒரு பழைய கார்டு, அவர் கையெழுத்திலேயே எழுதியது, அன்றைக்கு அந்த வேலைக்கு உதவிற்று.

கம்பியை இழுத்து முடுக்கியபின் இருபது முப்பது தடவை பிரேக்கைப் பலமாக இழுத்துவிட்டேன். உறைகளும் தொப்பிகளும் தத்தம் இடத்தில் உட்கார்ந்து, கம்பி சிறிது தளர்ந்தது. மறுபடி முடுக்கினேன். இரண்டு கட்டைகளும் ஒரே கணத்தில் ரிம்மைத் தொடுகின்றனவா என்று கண்ணை ரிம்முக்கு நேராக வைத்துப் பார்த்தேன்; இடக்கட்டை முந்திற்று. பக்கத்துத் திருகை ஒரு கால் சுற்றுத் திருப்பியதும் சரியாயிற்று. கைப்பிடி ஹேண்டில் பாரை நோக்கிப் பாதி தூரம் வந்ததும் பிடி இறுகியது. ஹேண்டில் பாரைத் தொடும் வரையில் கைப்பிடி வருமானால் அந்த வண்டியில் ஏறக்கூடாது.

மறு வருஷம் தை மாதத்தில், உறவினர் ஒருவருடைய வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு செங்கோட்டைக்குப் போனேன். எங்கள் சமவெளியில் பிரேக்கின் முழுச் சக்தியைச் சோதிக்க இடமில்லை. புளியரைக்கு மேலே, கேரள எல்லையிலுள்ள கோட்டைவாசலிலிருந்து எஸ் வளைவு வழியாக இறங்கும் சாலையில்தான் அது தெரியும். போகுமுன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எங்களிடமுள்ள சக்தி 4,250 ஜூல். சமதரையில் நிற்க அதைமட்டும் பிரேக் விழுங்கினால் போதும். ஆனால் 100 மீட்டர் உயரம் இறங்கினால் 83,000 ஜூலுக்கும் மேல். காற்று எடுத்துக்கொள்வது போக மீதியெல்லாம் அந்த நான்கு ரப்பர்க் கட்டைகளும் இரண்டு ரிம்களும் உஷ்ணமாக வாங்கிக்கொள்ள வேண்டும். கால் லிட்டர்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான உஷ்ணம் அது.

ஆகவே இடைவிடாமல் பிடித்துக்கொண்டே இறங்கவில்லை. வளைவுக்கு முன்னால் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட்டு, மறுபடி பிடித்து, இப்படி ரிம்முக்குக் காற்று வாங்க அவகாசம் கொடுத்துக்கொண்டே இறங்கினேன். எதிரே மரம் ஏற்றிய லாரிகள் முனகிக்கொண்டு ஏறி வந்தன. எஸ் வளைவின் இரண்டாம் திருப்பத்தில், லாரி ஒன்று சாலையின் நடுக்கோட்டைத் தாண்டி அகன்று வந்தது. வலக்கையின் இரண்டு விரல்கள் தாமாக இழுத்தன. உடம்பு பின்னே சாய்ந்தது. வண்டி ஒரு சிறு அலறலும் இல்லாமல், சாலையோரத்துக் கல்லுக்கு அரை முழம் இப்பால் நின்றது. லாரி போனபின் இறங்கி, ரிம்மை விரலால் தொட்டேன். வெந்நீர்ச் செம்பைப்போல் சுட்டது. 1972-ஆம் வருஷத்து ஐப்பசியும், விறகு வண்டியும், அண்ணாச்சியின் ஈரத்துணியும் நினைவில் வந்து, அந்த மலையோரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது தட்டுப் பிரேக் வந்துவிட்டது. 2018-லிருந்து சர்வதேசச் சாலைப் பந்தயங்களில் அதற்கு முழு அனுமதி உண்டு. மழையில் அதன் பிடி மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரிம் பிரேக்கை ஒரு ஸ்பேனரும் ஒரு தபால் கார்டும் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே சரிசெய்துவிடலாம். எங்கள் ஊருக்கு அது பெரிய சௌகரியம். எங்கள் பக்கத்தில் அதற்குள்ள சத்துருக்கள் இரண்டு. உப்பு லாரிகளிலிருந்து சாலையில் ஒழுகும் உப்புநீர் ஒன்று. திருச்செந்தூர் மார்க்கத்தில் போனால் தேரிக் காட்டுச் செம்மணல் மற்றொன்று. மணல் கட்டையில் புதைந்துகொண்டு ரிம்மை அரம்போல் அராவும். மாதம் ஒருமுறை கட்டையைக் கழற்றி, ஊசி முனையால் மணலையும் அலுமினியத் துகளையும் எடுத்துவிட்டு, உப்புத்தாளில் ஒரு தடவை தேய்த்துப் பூட்டுகிறேன். போல்ட்டுகளில் கிரீஸ் வைக்கத் தவறுவதில்லை. அலுமினியத்துக்குள் எஃகு இருந்து உப்பும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கழலமாட்டா.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் ஜில்லாவில் பெய்த மழையைத் தமிழ்நாடே அறியும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்காலுக்கு மேல் நீர் நின்றது. தகப்பனாரின் பழைய வண்டியும் என் வண்டியும் இரண்டு நாட்கள் சேற்றுநீரில் கிடந்தன. நீர் வடிந்தபின் பழைய வண்டியின் ராடுகளுக்கு எண்ணெய் விட்டேன். அது உடனே வேலைசெய்தது. என் வண்டியில் உள்கம்பி துருப்பிடிக்காத எஃகுதான்; ஆனால் உறைக்குள் சுற்றியிருந்த சுருள் அப்படிப்பட்டதன்று. சேறும் துருவும் சேர்ந்து கம்பியைக் கவ்விக்கொண்டிருந்தன. நான்கு உறைகளையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூட்டினேன்.

அதற்காகக் கடைக்குப் போன அன்று, கடை முன்னால் இருபதுக்கு மேற்பட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. பாதி, உப்பளத்துக்கு விடியற்காலையில் இருட்டோடு இருட்டாகப் போகிற தொழிலாளர்களுடையவை. மீதி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுடையவை. பெரும்பாலானவற்றில் பின்பிரேக் கம்பி உறையோடு ஒட்டிப்போயிருந்தது. சிலவற்றில் முன்பிரேக் கம்பி ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளத்தினால் வந்தது கொஞ்சம். வெள்ளத்துக்கு முன்பே அப்படி இருந்ததுதான் அதிகம் என்று அண்ணாச்சியின் மகன் சொன்னான். கூலியை எண்ணித் தள்ளிப்போட்டவர்கள், அல்லது பின்பிரேக் ஒன்று போதும் என்று எண்ணியவர்கள். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தக் கடைத்திண்ணையில் உட்கார்ந்து, அவர்களுடைய வண்டிகளுக்குக் கம்பி மாற்றிக்கொடுக்கிறேன். அவன் கம்பியை வாங்கிய விலைக்கே தருகிறான். நான் கூலி வாங்குவதில்லை.

இதை வாசிக்கிறவர்கள் வீட்டிலும் ஒரு சைக்கிள் இருக்கும்; பிள்ளையோ, வேலைக்கு வருகிற பெண்ணோ, அதில் சாலைக்குப் போவார்கள். இன்று மாலை அந்த வண்டியின் முன்பிரேக் கைப்பிடியை ஒருமுறை முழுவதும் இழுத்து, கம்பி வெளியே வரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஓர் இழை விலகியிருந்தாலும் நாளைக்கு என்று வைக்காமல் மாற்றிவிடுங்கள்.